மெட்டல், அக்ரிலிக் போட்டோ பிரிண்ட்: கடலோர ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மெட்டல்ல ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வருவது, ஜவுளிக்கடையில் "ஒரு புடவை" என்று சொல்லிவிட்டு வருவதற்குச் சமம். மெட்டல் என்ற பெயரில் குறைந்தது நான்கு வகைச் சரக்கு விற்பனையில் இருக்கிறது. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் என்ற பெயரிலும் அப்படித்தான். விலை, ஆயுள், மாட்டும் இடம், துடைக்கும் முறை எல்லாம் வகைக்கு வகை வேறு. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: மை எங்கே இருக்கிறது? தகட்டின் பூச்சுக்கு உள்ளேயா, மேலேயா, பின்பக்கமா, அல்லது ஒட்டிய ஸ்டிக்கரிலா? இந்தக் கேள்விக்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், லேபுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பல ஸ்டுடியோக்கள் ஆர்டர் மட்டும்தான் எடுக்கின்றன. அச்சு ஆவது வேறு இடத்தில்.

முதல் வகை சப்ளிமேஷன். படத்தை ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சடித்து, சிறப்புப் பூச்சு பூசிய அலுமினியத் தகட்டின் மேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். தகடு ஒரு மி.மீ.க்குச் சற்றே கூடுதல் கனம். விரலால் தடவினால் கறுப்புப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் மேடு பள்ளம் தெரியாது. மெட்டல் பிரிண்ட் என்று விளம்பரங்களில் புகழப்படும் குணங்கள் எல்லாம் இந்த வகைக்கே உரியவை.

இரண்டாவது, ஏ.சி.பி. ஷீட்டின் மேல் நேரடியாக யு.வி. மையில் (புற ஊதா ஒளி பட்டதும் காயும் மை) அச்சடிப்பது. ஏ.சி.பி. என்பது கடை முகப்புக்கு அடிக்கிறார்களே, அதே ஷீட்தான்: மெல்லிய இரண்டு அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்டிக். விளிம்பைப் பார்த்தால் மூன்று அடுக்கும் தெரியும். மை மேலே உட்கார்ந்திருப்பதால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். நகத்தால் அழுத்திக் கீறினால் கீறல் விழும். மூன்றாவது, அதே ஷீட்டில் வினைல் ஸ்டிக்கரை ஒட்டித் தருவது. விளிம்பில் நகம் மாட்டினால் அது ஸ்டிக்கர். நான்காவது, மெல்லிய இரும்புத் தகட்டில் வரும் மெட்டல் போஸ்டர். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று போதும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். கடலூரின் தேவனாம்பட்டினம், புதுச்சேரியின் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இந்த நான்காவது வகை வேண்டவே வேண்டாம். பூச்சு இல்லாத விளிம்பில் முதலில் துரு ஏறும், பிறகு அது படத்தின் அடியில் ஊர்ந்து வரும்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கடைக்குள் வைக்கும் பலகைக்கும் விழா வரவேற்புக்கும் ஏ.சி.பி. போதும். சப்ளிமேஷன் விலையை வாங்கிக்கொண்டு ஏ.சி.பி.யைக் கையில் கொடுப்பதுதான் வம்பு. பில்லில் "மெட்டல் பிரிண்ட்" என்று மட்டும் இருந்தால் பிறகு வாதாட வழியில்லை. "அலுமினியம் சப்ளிமேஷன்" என்று எழுதி வாங்குங்கள்.

அக்ரிலிக்கில் நல்ல சரக்கு இரண்டு. ஒன்று, போட்டோ பேப்பரில் அச்சான படத்தை, கண்ணாடி போலத் தெளிந்த பசை ஃபிலிம் கொண்டு அக்ரிலிக்கின் முதுகில் ஒட்டுவது. மற்றொன்று, அக்ரிலிக்கின் பின்பக்கத்திலேயே யு.வி. மையில் இடவலம் மாற்றி அச்சடித்து, அதன்மேல் வெள்ளை மை பூசுவது. நுணுக்கமான முகப்படங்களுக்கு முதலாவது மேல். ஓதம் அடிக்கும் வீட்டுக்கு இரண்டாவது மேல், ஏனென்றால் ஈரத்தை உறிஞ்சக் காகிதமே அதில் கிடையாது. அக்ரிலிக்கின் முதுகில் சாதா வினைல் ஸ்டிக்கரை ஒட்டித் தருவதும் உண்டு. மலிவு. இரண்டு மழைக்காலம் தாண்டினால் ஓரங்களில் வெள்ளிப் பூத்தது போலக் காற்று புகுந்து நிற்கும்.

வெள்ளை வேட்டி வெள்ளி வேட்டியாவது

சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் தகட்டின் சொந்த நிறம்தான் தெரியும். தகடு இரண்டு விதமாக வரும்: வெள்ளைப் பூச்சு போட்டது ஒன்று, உலோகமே தெரியும் வெள்ளிநிறத் தகடு மற்றொன்று. கல்யாணப் படத்தை வெள்ளித் தகட்டில் போட்டால் மாப்பிள்ளையின் வேட்டி சட்டை எல்லாம் ஸ்டீல் பாத்திர நிறத்துக்கு மாறும், முகங்கள் சாம்பல் பூசியது போல இருக்கும். லேபுக்காரர் மீது குற்றமில்லை; தகட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதன் பலன்.

வெள்ளித் தகடு பளிச்சென்று எடுபடும் படங்கள் வேறு. புதுச்சேரிக் கடற்கரைக் காந்தி சிலைக்குப் பின்னால் சூரியன் எழும் காட்சி, விடியலில் மினுங்கும் அலை, பிச்சாவரத்து நீர்ப்பரப்பு, மழையில் நனைந்த தெருவிளக்கு வெளிச்சம், புல்லட் வண்டி. ஒளி தெறிக்கும் இடமெல்லாம் உலோகமே ஒளிரும். மனித முகம் பெரிதாக இருந்தால் வெள்ளைத் தகடு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

மேற்பரப்பையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கிளாஸ் (பளபளப்பு), சாட்டின் (லேசான மினுமினுப்பு), மேட் (பளபளப்பே இல்லாதது) என்று வரும். மாட்டப்போகும் சுவருக்கு எதிரே ஜன்னலோ வாசலோ டியூப்லைட்டோ இருந்தால் கிளாஸ் வேண்டாம். பகலில் படத்துக்குப் பதில் ஜன்னல்கம்பிதான் தெரியும். பளபளப்பான அக்ரிலிக்குக்கும் இதே கதி. ஆர்டர் கொடுக்கும் முன் அந்தச் சுவரில் அதே உயரத்தில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் நாளைக்குப் படத்தின் மேலும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்

அதிகம் நடப்பது இதுதான். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 16×24 அங்குலத்தில் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 67 பிக்சல்கூட வராது. கேன்வாஸில் அந்தக் குறையைத் துணியின் நெசவு மறைக்கும். அக்ரிலிக் எதையும் மறைக்காது. கண் இமை மொழுக்கென்று தெரியும், சேலை ஜரிகை கட்டம் கட்டமாக உடையும். கோப்பை "டாக்குமெண்ட்" ஆக இணைத்து அனுப்புங்கள், அல்லது ஜிமெயில், கூகுள் டிரைவ், பென்டிரைவ் வழியாகக் கொடுங்கள். பேஸ்புக்கிலிருந்தோ ஸ்டேட்டஸிலிருந்தோ ஸ்கிரீன்ஷாட் எடுத்த படம் எந்த அளவுக்கும் தேறாது.

கணக்கு சுலபம். ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் இருந்தால் கிட்டத்தில் நின்று பார்த்தாலும் நன்றாக இருக்கும். நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 150 போதும். 12×18க்கு 2400×3600 பிக்சல், 24×36க்கு 3600×5400. பன்னிரண்டு மெகாபிக்சல் போன் படம் 4000×3000. அதில் 16×24 தாராளமாகப் போடலாம், அசல் கோப்பு கையில் இருந்தால்.

ஆனால் போன் படம் 4:3 விகிதம். 12×18, 16×24, 20×30 எல்லாம் 3:2. போன் படத்தைப் படுக்கை வாட்டில் 24 அங்குல அகலத்துக்கு விரித்தால் உயரம் 18 வரும். ஷீட் 16தான். மீதி இரண்டு அங்குலத்தை மேலும் கீழும் ஒவ்வொன்றாக வெட்டுவது லேபின் வழக்கம். குடும்பப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் மாமாவின் தலைமுடியும் முன்வரிசைக் குழந்தைகளின் கால்விரலும் போகும். திருப்பாதிரிப்புலியூர் கோபுரத்தை உச்சி வரை நிறைத்து எடுத்திருந்தால் கலசம் இருக்காது. எங்கே வெட்டுவது என்று நீங்களே வெட்டி அனுப்புங்கள், அல்லது 4:3க்குப் பொருந்தும் 12×16, 18×24 கேளுங்கள்.

நான்கு ஓரத்திலும் அரை அங்குலத்துக்குள் பெயர், தேதி, முகம் எதுவும் வரக் கூடாது. சப்ளிமேஷனில் படம் தகட்டை விடச் சற்றுப் பெரிதாக அச்சாகி ஓரம் வழிந்துதான் நிற்கும். அக்ரிலிக்கில் நான்கு மூலையிலும் ஸ்டட் (ஷீட்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து நிறுத்தும் உலோகத் திருகு) போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: துளையின் மையம் விளிம்பிலிருந்து 20 முதல் 25 மி.மீ. உள்ளே வரும், ஸ்டட்டின் தலை அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இடத்தை அடைக்கும். அங்கே யாருடைய முகமும் இல்லையே?

நிறம் பற்றிச் சுருக்கமாக. கோப்பு எஸ்.ஆர்.ஜி.பி. (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில், ஜேபெக் வடிவில், அதிகபட்சத் தரத்தில் இருக்கட்டும். ஐபோனின் ஹெச்.இ.ஐ.சி. கோப்பை அப்படியே கொடுத்தால் சில லேப் மென்பொருள் நிறத்தைத் தப்பாகப் படிக்கும். போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். திரை தானே ஒளிர்கிறது, பிரிண்ட் ஒளிராது. ஆகவே பிரிண்ட் எப்போதும் ஒரு படி இருட்டாகவே வரும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது இருட்டாகத் தெரியும் முகத்தை, குறிப்பாக நிழல் பகுதியை, சற்றுத் தூக்கிவிட வேண்டும். முழுப் படத்தையும் தூக்கினால் வானம் வெளிறிப்போகும்.

பெரிய ஆர்டர் என்றால் அதே பொருளில், அதே மேற்பரப்பில் 5×7 அளவில் மாதிரி ஒன்று போட்டுப் பாருங்கள். போட்டோ பேப்பரில் எடுத்த மாதிரி இதற்கு உதவாது.

அக்ரிலிக் பின்பக்க அச்சில் இன்னொரு விபத்து உண்டு. இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டியதை மாற்றாமல் விட்டாலும், ஏற்கெனவே மாற்றிய கோப்பை இன்னொரு முறை மாற்றிவிட்டாலும், படம் கண்ணாடிப் பிம்பமாக வந்து நிற்கும். பெயர்ப்பலகை இருந்தால் உடனே தெரியும்; முகம் மட்டும் இருந்தால் பலர் கவனிப்பதே இல்லை, "என்னமோ மாதிரி இருக்கு" என்பதோடு விட்டுவிடுவார்கள். சேலை முந்தானை எந்தத் தோளில், சட்டைப் பை எந்தப் பக்கம், கைக்கடிகாரம் எந்தக் கையில் என்று பார்த்தால் அகப்பட்டுவிடும்.

பெரியவர்களின் பழைய படம்

பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும் என்று அவசரமாக ஓடி வரும் ஆர்டர்கள் இவை. கையில் இருப்பது பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, அல்லது அடையாள அட்டையின் நகல். 45 மி.மீ. உயரப் படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 1060 பிக்சல் கிடைக்கும். அதை 18 அங்குலத்துக்கு இழுப்பது நியாயமில்லை. 8×12க்குள் நிறுத்தி, அக்ரிலிக்குக்குப் பதில் மேட் மெட்டலில் போட்டால் கண்ணுக்கு உறுத்தாது. பழைய படத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பாமல், லேமினேஷன் இருந்தால்கூட ஸ்கேனரில் வைத்தே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் ஏ.ஐ. செயலியில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறார்கள். கூர்மையாகத்தான் வருகிறது, ஆனால் இல்லாத விவரத்தை அந்தச் செயலி தானாக வரைகிறது. பல்வரிசை மாறும், மூக்குத்தி மச்சமாகும், மச்சம் காணாமல் போகும், சுருக்கம் எல்லாம் தேய்ந்து யாரோ ஒருவர் முகம் வரும். அச்சுக்குப் போகும் முன் அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிக் கேளுங்கள். "அப்பா மாதிரி இருக்கார்" என்றால் சந்தேகப்பட வேண்டும். "அப்பாதான்" என்று வர வேண்டும்.

இந்தப் படங்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, விளக்கு எல்லாம் உண்டு. காய்ந்த சந்தனம் நறநறவென்று மணல் போல ஆகிவிடும். அதை அப்படியே உலர்துணியால் துடைத்தால் அக்ரிலிக்கில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். ஈரத்துணியை ஒரு நிமிடம் மேலே வைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். ஏ.சி.பி.யில் மேலே உட்கார்ந்த யு.வி. மையில் எண்ணெய் கலந்த குங்குமம் நாள்பட்டால் கறையாகவே நின்றுவிடக்கூடும். பேசாமல் சுற்றி அரை அங்குல மரச்சட்டம் வைத்துக்கொண்டு பொட்டைச் சட்டத்தில் வைப்பது நல்லது. மாலையையும் படத்தின் மேல் உரசாமல், படத்துக்கு மேலே தனி ஆணியில் மாட்டலாம். அக்ரிலிக் எரியக்கூடிய பிளாஸ்டிக். நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். விளக்குச் சுடரும் ஊதுவத்தியும் படத்துக்கு நேர் கீழே இருக்கக் கூடாது.

எவ்வளவு கனம்

அக்ரிலிக் கனத்தைக் கேட்காமல் விட்டால் வருவது பெரும்பாலும் 3 மி.மீ. 12×18 வரை அது போதும், எடையும் அரைக் கிலோதான். 16×24 முதல் 5 மி.மீ. கேளுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய ஷீட் நடுவில் வளைந்து, பிரதிபலிப்பு நெளிநெளியாகத் தெரியும். 24×36 அளவில் 5 மி.மீ. ஷீட் 3.3 கிலோ, 8 மி.மீ. ஷீட் 5.3 கிலோ வரும். அழகுக்காக 8 மி.மீ. கேட்பவர்கள் சுவர் அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். அதே அளவில் சப்ளிமேஷன் அலுமினியம் இரண்டு கிலோவைத் தாண்டாது. காஸ்ட் (அச்சில் வார்த்த) அக்ரிலிக்தானா என்றும் கேளுங்கள். எக்ஸ்ட்ரூடட் (இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த) ஷீட் மலிவு, ஆனால் துளையையும் விளிம்பையும் சுற்றி முடி போன்ற வெடிப்பு விழுவது அதில் அதிகம்.

கடைக்கு அனுப்பும் செய்தி இப்படி இருந்தால் பிறகு தகராறு வராது: "அண்ணா, 16×24, படுக்கை வாட்டு. காஸ்ட் அக்ரிலிக் 5 மி.மீ., பின்பக்கம் யு.வி. அச்சு, மேலே வெள்ளை மை இரண்டு கோட். நான்கு மூலையில் துளை, 304 தர ஸ்டீல் ஸ்டட். கோப்பு நானே வெட்டியது, இனி வெட்ட வேண்டாம், நிறம் திருத்த வேண்டாம். ப்ரூஃப் அனுப்பி நான் ஓகே சொன்ன பிறகு அச்சடிங்க. ஸ்டட், பேக்கிங், கூரியர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து விலை சொல்லுங்க."

வாங்கும்போது பார்க்க வேண்டியது

கூரியர் என்றால் பெட்டி பிரிப்பதைத் தொடக்கம் முதல் ஒரே வீடியோவாக எடுங்கள். மெட்டலில் முதலில் அடிபடுவது மூலை, ஒரு மி.மீ. தகட்டின் மூலை மடங்கினால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். அக்ரிலிக்கை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தாலோ, பின்னால் வைத்த கையின் நிழல் தெரிந்தாலோ வெள்ளை மை போதவில்லை என்று பொருள். பச்சைச் சுவரில் மாட்டினால் படத்தில் பச்சை கலக்கும். பிறகு டியூப்லைட் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். காகிதம் ஒட்டிய வகையில் பசைக்குள் தூசியோ குமிழோ இருந்தால் அப்போது தெரியும். சிறியதுதானே என்று விடாதீர்கள். குமிழி வெயிலில் விரியும், தானாகச் சுருங்காது.

படத்தைச் சுவரில் மாட்டிய பிறகு பாதுகாப்பு ஃபிலிமை உரிப்பதே சரி. "அழுக்காகாமல் இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் அப்படியே விட்டால் சித்திரை வெயிலில் பசை இறுகி, பிறகு உரிக்கும்போது திட்டுத் திட்டாகப் பசை நிற்கும். அதைத் தின்னரால் துடைத்தால் அக்ரிலிக் போச்சு. ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்தெடுங்கள்.

சுவர்: இங்கேதான் நம் ஊர் வேறு

புதுச்சேரியின் பழைய வீடுகளில், பிரெஞ்சு வீதிகளிலும் சரி தமிழர் வீதிகளிலும் சரி, சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. கடலூர் முதுநகரிலும் உண்டு. இந்தச் சுவரில் இருபக்க டேப் ஒட்டி அக்ரிலிக்கை மாட்டுவது ஆபத்து. டேப் உறுதியாகத்தான் இருக்கும். சுண்ணாம்புதான் பெயர்ந்து டேப்போடு சேர்ந்து கீழே வரும். டிஸ்டம்பர் அடித்த சுவரும் அப்படியே. மூன்று கிலோ அக்ரிலிக் மூலை குத்தி விழுந்தால் மூலை தெறிக்கும், கீழே ஆள் இருந்தால் காயம்படும். துளை போட்டு ராவல் பிளக் (திருகு ஏறும்போது விரிந்து சுவரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) இறக்கித்தான் மாட்ட வேண்டும். பழைய காரை கனமாக இருக்கும். பிளக்கின் விரியும் பகுதி காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இருக்கும்படி நீளமான பிளக்கும் திருகும் கேளுங்கள். டிரில் பிட்டில் வரும் தூள் வெள்ளையிலிருந்து செங்கல் சிவப்புக்கு மாறும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் நீளம் தெரிந்துவிடும்.

உப்புப் பூத்த சுவரில், அதாவது தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை வெள்ளையாகப் பொரிந்து உதிரும் சுவரில், எந்தப் பிரிண்ட்டும் சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது. பின்னால் அரை அங்குலமாவது காற்றோட்டம் வேண்டும். மெட்டலுக்குப் பின்பக்கம் ஒட்டிய சட்டமும் அக்ரிலிக்குக்கு ஸ்டட்டும் அந்த இடைவெளியைத் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிச்சுவர் ஈரத்தைக் குடித்து உள்ளே தள்ளும்; வீட்டின் உட்சுவர் கிடைத்தால் அதுவே உத்தமம்.

உப்புக்காற்றுக்கு அலுமினியமும் தப்பாது. துரு ஏறாது என்பது உண்மை, ஆனால் வெட்டு விளிம்பில் வெள்ளைத் தூள் பூக்கும். ஸ்டீல் திருகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷர் போடுங்கள். ஸ்டட் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். முலாம் பூசிய இரும்பும் 202 தர ஸ்டீலும் கடற்கரை வீட்டில் பழுப்பு நீர் வடித்துச் சுவரைக் கறையாக்கும். 304 கேளுங்கள், கடலைப் பார்த்த பால்கனி அறை என்றால் 316.

அக்ரிலிக்கில் ஸ்டட்டைச் சாவி போட்டு இறுக்கக் கூடாது. கைவிரலால் இறுக்கினால் போதும், இரண்டு பக்கமும் வாஷர் வைத்து. மூன்றடி நீள அக்ரிலிக் ஷீட், மார்கழி அதிகாலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையே 20 டிகிரி மாறினால் ஒரு மி.மீ.க்கு மேல் நீளும். துளை போல்ட்டை விட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இல்லாவிட்டால் அந்த நீட்சிக்கு இடமின்றித் துளையிலிருந்து வெடிப்பு கிளம்பும். இரண்டு மாதம் கழித்து, யாரும் தொடாமலே விரிசல் விட்டதாக வரும் புகார்களுக்கு இது முக்கியக் காரணம்.

வெயில். நமக்குக் கடல் கிழக்கே. கடற்கரைச் சாலையிலும் அதை ஒட்டிய வீதிகளிலும் காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே உள்ளே விழும். சப்ளிமேஷன் மை வீட்டுக்குள் வைப்பதற்கானது, தினமும் நேர் வெயில் பட்டால் நிறம் இறங்கும். யு.வி. மை அதைவிடத் தாங்கும், ஆனாலும் சாகாவரம் பெற்றதில்லை. அக்ரிலிக் முன்னால் இருப்பதாலேயே வெயிலின் புற ஊதாக் கதிர் தடைபடும் என்று நம்ப வேண்டாம். அதைத் தடுக்கும் தரம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. திண்ணை, தாழ்வாரம், குளியலறைக்கு எதிர்ச்சுவர், சமையலறை மேடைக்கு மேல் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள்.

துடைப்பது

மறுபடியும் அதே கேள்வி, மை எங்கே இருக்கிறது?

சப்ளிமேஷன் மெட்டல் பொறுமைசாலி. மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் போதும், பிசுக்கு இருந்தால் லேசான சோப்பு சேர்க்கலாம். ஸ்டீல் நார், சபீனா போன்ற தூள்கள் மட்டும் கூடாது. பூச்சில் ஒரு முறை கீறல் விழுந்தால் மெருகேற்றிச் சரிசெய்ய வழியில்லை.

அக்ரிலிக் தொட்டாற்சுருங்கி. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால். இவை பட்டால் அக்ரிலிக்குள் முடி போன்ற வெடிப்புகள் கிளைக்கும். லேசரில் வெட்டிய விளிம்பிலும் துளையைச் சுற்றியும் ஏற்கெனவே உள்ளிறுக்கம் இருப்பதால் அங்கேதான் முதலில் தெரியும். சில சமயம் துடைத்த சில நிமிடத்திலேயே. அசிட்டோன், நெயில்பாலிஷ் ரிமூவர், பெயின்ட் தின்னர் பட்டால் மேற்பரப்பே கரையும்.

சரியான முறை இது. முதலில் தூசியை ஊதி விடுங்கள், அல்லது மிருதுவான பிரஷ்ஷால் தட்டுங்கள். கடற்கரைத் தூசியில் மணலும் உப்பும் கலந்திருக்கும். உலர்துணி முதலில் பட்டால் அதுவே உப்புத்தாள். பிறகு அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். ஸ்ப்ரேயை நேராகப் படத்தின் மேல் அடிக்க வேண்டாம்; நீர் விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கும், காகிதம் ஒட்டிய வகையில் அது உயிர்நாடியையே தொடும். அடுத்து வெறும் தண்ணீரில் நனைத்த துணி, கடைசியாகக் காய்ந்த மைக்ரோஃபைபர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் அதையே பயன்படுத்தினால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். கேன் தண்ணீர் எடுங்கள், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பழைய வேட்டித் துணி வேண்டாம், செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். உலர்துணியால் பரபரவென்று தேய்த்தால் அக்ரிலிக்கில் மின்னூட்டம் ஏறி, துடைத்த அரைமணியில் இன்னும் அதிகத் தூசியை இழுக்கும்.

அச்சு பின்பக்கம் இருந்தால் முன்பக்கத்து மெல்லிய கீறல்களைப் பிளாஸ்டிக் பாலிஷ் கொண்டு போக்கலாம். நகம் மாட்டும் அளவு ஆழமானவை போகாது. முன்பக்க அச்சில் பாலிஷ் போட்டால் படமே கரையும்.

மழை வெள்ளத்தில் நனைந்துவிட்டால், 2011 டிசம்பர் 30 தானே புயலிலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலிலும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர் நனைந்ததே, அதுபோல நேர்ந்தால், உடனே கழற்றுங்கள். சேறும் உப்பும் காயும் முன் நல்ல தண்ணீரால் அலசி, நிழலில், நிமிர்த்தி, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டக் கூடாது. சப்ளிமேஷன் மெட்டலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஏ.சி.பி.யும் பெரும்பாலும் தப்பிக்கும். காகிதம் ஒட்டிய அக்ரிலிக்கில் ஓரத்திலிருந்து ஈரம் உள்ளே ஏறியிருந்தால் காப்பாற்ற முடியாது, மறுபடி அச்சடிக்க வேண்டும். அதற்கு அச்சுக்குப் போன இறுதிக் கோப்பு கையில் இருக்க வேண்டும். அளவுக்கு வெட்டி, நிறம் திருத்தியது. டெலிவரி எடுக்கும் அன்றே அதைக் கேட்டு வாங்குங்கள். பல லேப்கள் சில வாரங்களில் அழித்துவிடும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது படங்களைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைப்பதும் வழக்கமாக நடக்கும் தவறு. செங்குத்தாக, முகத்துக்கு முகம் பார்த்தபடி, நடுவே மைக்ரோஃபைபர் துணியோ ஃபோம் ஷீட்டோ வைத்துச் சுவரோரம் நிறுத்துங்கள். பழைய படுக்கை விரிப்பால் மூடினால் போதும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். புது பெயின்ட் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்ப மாட்டுங்கள். தின்னர் கலந்த எனாமல் அடித்த அறை என்றால் வாடை முற்றிலும் போகும் வரை அக்ரிலிக்கை அந்த அறைக்குள்ளேயே கொண்டு போக வேண்டாம்.